அலமாரிக்குள் ஆறு வாரம்

— அலமாரி தும்முச்சு. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். பேய்க்கெல்லாம் ஜலதோஷம் பிடிக்காது. உள்ள யாரு? மரியாதையா வெளிய வந்துடு, இல்லேன்னா வாட்ச்மேனைக் கூப்பிடுவேன்.

— கூப்பிடாதீங்க மேடம். நான்தான்.

— நான்தான்னா? அலமாரிக்குள்ள இருந்துக்கிட்டு நான்தான்னா எனக்கு என்ன புரியும்?

— கணக்கெடுக்குறவன் மேடம். கை கழுவுற இயக்கத்துக்கு ஆதாரம் சேக்கச் சொல்லி நீங்களே போட்ட ஆளு.

— அட நீயா! ஆறு வாரமா கண்ணுலயே படலையே, ஆஸ்பத்திரி வேணாம்னு ஓடிட்டியாக்கும்னு நினைச்சேன். விளக்குமாத்துக்கும் பினாயிலுக்கும் நடுவுல என்னப்பா பண்றே?

— எண்ணிட்டிருக்கேன். வார்டுக்குள்ள போற எல்லாரும் இந்த அறையைத் தாண்டித்தான் போகணும். வாஷ்பேசின் இங்கதான் இருக்கு. கழுவிட்டுப் போனா ஒரு கோடு, கழுவாம போனா ஒரு சுழி.

— அதுக்கு அலமாரியா கிடைச்சுது?

— "எங்க வேணா உக்காந்து எண்ணு, ஒரு ஈ எறும்புக்குத் தெரியக் கூடாது, எனக்கும் சொல்லாதே, நான் பேச்சுவாக்குல உளறிடுவேன்"னு நீங்கதானே மேடம் சொன்னீங்க.

— சொன்னேன்தான். நிர்வாகின்னா நாலையும் யோசிக்கணும்ல. சரி, வெளிய வா. கதவைப் பாத்துப் பேசுறது என்னமோ மாதிரி இருக்கு.

— வர முடியாது மேடம். முட்டி ரெண்டும் மரத்துக் கிடக்கு. எந்திரிச்சா விழுந்துடுவேன். நீங்க கை துடைக்கற துணியைத் தேடுற மாதிரி அப்படியே நின்னு பேசுங்க.

— நல்ல கூத்து. சரி கேளு, நானே உன்னைத்தான் தேடிட்டிருந்தேன். இன்னைக்கு மூணு மணிக்குக் கமிட்டி கூடுது. புது சிஸ்டரை வேலையை விட்டு அனுப்புற கடிதம் என் கையில தயாரா இருக்கு. உன் நோட்டுல இருந்து ஒரு பக்கம் கிழிச்சுக் குடு, அதோட சேத்துக் குத்திடறேன்.

— எந்தப் பக்கம் மேடம்?

— அவ கை கழுவுறதில்லைன்னு போட்டிருக்கற பக்கம்.

— அப்படி ஒரு பக்கம் இல்லையே.

— இல்லேன்னா எழுது. அதுக்குத்தானே உன்னைப் போட்டேன்?

— மேடம், நீங்க ஆதாரம் சேக்கச் சொன்னீங்க.

— ஆமா, வேணாம்னு இப்ப சொன்னேனா? முடிவை நான் எடுத்துட்டேன், அதுக்கு ஆதாரம் கொண்டான்னு சொல்றேன். இதுல என்ன தப்பு?

— முடிவை எப்படி எடுத்தீங்க?

— அவ முகத்தைப் பாத்தியா நீ? வந்து ரெண்டு வாரம் ஆகுது, ஒரு நாள் சிரிச்சிருப்பாளா? வணக்கம் சொன்னாக் கூட வேண்டா வெறுப்பாத் தலையாட்டுவா. அது கை கழுவாதவ முகம்ப்பா. இருபத்தாறு வருஷமா இந்த வராந்தாவுல நடக்கறேன். என் உள்மனசு ஒண்ணு சொல்லுச்சுன்னா சொல்லுச்சுதான்.

— எனக்கு முகம் தெரியாது மேடம். கதவுக்குக் கீழ காத்துக்காக விட்ட இடுக்கு வழியாத்தான் பாக்கறேன். முழங்காலுக்கு மேல எனக்கு ஆஸ்பத்திரியே கிடையாது. செருப்பு வரும், பேசின் முன்னாடி நிக்கும், குழாய் சத்தம் கேக்கும், நான் இருபது வரைக்கும் எண்ணுவேன். அவ்வளவுதான்.

— அப்போ நீ செருப்பைத்தான் எண்ணியிருக்கே, மனுஷங்களை இல்ல.

— செருப்பு பொய் சொல்லாது மேடம். இருங்க, நோட்டைப் பாத்துச் சொல்றேன். புது சிஸ்டருக்கு நீலக் கேன்வாஸ், நடந்தா கீச்சுக் கீச்சுங்கும். இருநூத்திப் பதினாலு தடவை உள்ள போயிருக்காங்க, இருநூத்திப் பன்னெண்டு தடவை கழுவிட்டுப் போயிருக்காங்க. விட்டுப்போன ரெண்டுல ஒண்ணு, யாரோ மயங்கி விழுந்துட்டாங்கன்னு ஓடினது.

— இன்னொண்ணு?

— அன்னைக்குத் தண்ணி வரலை.

— பாத்தியா! ரெண்டு தடவை கழுவலை. அதை மட்டும் எழுதிக் குடு.

— மேடம்...

— என்னப்பா மேடம்? நாலாம் கட்டில்ல யாரு படுத்திருக்கான்னு தெரியுமில்ல உனக்கு?

— தெரியும். சார்.

— என் வீட்டுக்காரர். குடலிறக்கம்னு சொல்லிச் சின்னதா ஒரு ஆபரேஷன், மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்னாங்க. இன்னைக்கு ஒம்பது நாளாச்சு. தையல் போட்ட இடத்துல சீழ் வெச்சு, காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குது. மறுபடியும் திறந்து சுத்தம் பண்ணணும்னு பெரிய டாக்டர் காலையில சொல்றாரு. முப்பத்தோரு வருஷமா கூட இருக்கற மனுஷன்ப்பா. நேத்து என்னைப் பாத்து, "பயப்படாதே"ங்கறாரு. படுத்திருக்கறது அவரு, ஆறுதலும் அவரே சொல்றாரு.

— கஷ்டமா இருக்கு மேடம்.

— யாரோ ஒருத்தர் அழுக்குக் கையோட அவரைத் தொட்டிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அவங்க இனிமே இந்த வார்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது. புது சிஸ்டர்தான்னு என் உள்மனசு சொல்லுது.

— மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க உள்மனசுதான் கிருமிப் படம் ஒட்டச் சொல்லுச்சு.

— ஏன், அதுக்கென்ன? பயந்தாத்தான் கழுவுவாங்க. மீசை வெச்ச கிருமி, கையில கத்தி. நானே பக்கத்துல உக்காந்து வரையச் சொன்னேன். அவ்வளவு பெருசா யார் ஒட்டியிருக்காங்க?

— நூறு பேர் உள்ள போனா முப்பத்தோரு பேர் கழுவிட்டிருந்தாங்க. படம் ஒட்டினப்புறம் இருபத்தொம்பது.

— குறைஞ்சுதா?

— பேசின் முன்னாடி நின்னு கிருமியோட செல்ஃபி எடுத்துக்கிட்டாங்க. கழுவ வந்தவங்களுக்கு இடமில்லை. குழந்தைங்க வார்டுல இருந்தெல்லாம் கூட்டிட்டு வந்து காட்டினாங்க. அந்தக் கிருமிக்கு ஏதோ செல்லப் பேர்கூட வெச்சிருக்காங்க மேடம்.

— சரி, அது முதல் முயற்சி. உறுதிமொழி?

— தினமும் காலையில வலது கையைத் தூக்கி, "உயிர் போனாலும் கை கழுவாமல் ஒரு நோயாளியையும் தொட மாட்டேன்"னு எல்லாரும் சத்தமா சொன்னாங்க. எனக்கே இங்க புல்லரிச்சுது. அந்த வாரம் இருபத்திரண்டு.

— எப்படிப்பா? நான் மைக் எல்லாம் வெச்சேனே!

— வாயால கழுவிட்டோமேன்னு கைக்கு லீவு குடுத்துட்டாங்க போல.

— பாட்டுக் குழாய்? அது நல்ல யோசனைன்னு கமிட்டியே கை தட்டுச்சு.

— குழாயைத் திறந்தா பாட்டு வரும். எல்லாரும் திறந்தாங்க. முழுப் பாட்டையும் கேட்டாங்க. ரெண்டு பேர் ராகத்தைப் பத்திச் சண்டை போட்டாங்க. தண்ணி தொட்டி காலி. சோப்பை மட்டும் ஒருத்தரும் தொடலை.

— கடைசியா என் படத்தை மாட்டினேன். மேல இருந்து நானே பாக்கற மாதிரி, கண்ணு ரெண்டும் எங்க நின்னாலும் தொடரும். அதுக்குமா கழுவலை?

— பதினாலு.

— என்ன பதினாலு?

— நூத்துக்குப் பதினாலு பேர். மத்தவங்க உங்க படத்துக்கு முன்னாடி செருப்பைச் சேத்து வெச்சு நிப்பாங்க, "வணக்கம் மேடம்"பாங்க, நேரா உள்ள போயிடுவாங்க. எனக்குக் குரல் கேக்கும்ல. மரியாதை நூத்துக்கு நூறு மேடம். அந்தக் கணக்கும் தனியா வெச்சிருக்கேன்.

— வேணாம், அதைக் காட்டாதே.

— ஆனா கடைசி ரெண்டு வாரம் தொண்ணூத்தேழு!

— தொண்ணூத்தேழா? பாத்தியா, என் படம் மெதுவா வேலை செஞ்சிருக்கு.

— படத்தால இல்ல மேடம். பதினாறு நாள் முன்னாடி சோப்பு வெச்சிருந்த தட்டு பேந்து விழுந்துது. சோப்பு பாட்டிலை எடுத்து வார்டு கதவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் மேல வெச்சாங்க. கதவைத் தள்ளற கைக்கு நேரா சோப்பு இருக்கு. அடுத்த நாளே தொண்ணூத்தேழு. பயமுறுத்தல் வேணாம், பாட்டு வேணாம், உறுதிமொழி வேணாம். ஒரு பாட்டில், அஞ்சடி தள்ளி! மேடம், சத்தியமா சொல்றேன், அன்னைக்கு நான் இருட்டுல உக்காந்து அழுதுட்டேன். என் வாழ்நாள்ல நான் கண்டுபிடிச்ச ஒரே விஷயம் இதுதான்.

— ஸ்டூல் மேல பாட்டில் வெச்சதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா? கமிட்டியில சொன்னா சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். எண்ணிக்கை அப்படியே நிக்கும்ல.

— அலமாரித் தம்பி, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கோ ராசா. பக்கெட் எடுக்கணும். டீ சூடா இருக்கு, இந்தா, மடியில கொட்டிக்காதே. ஐயையோ! அம்மா, நீங்களா? வணக்கம்மா. கதவு மறைச்சதுல பாக்கலை.

— இது என்னது?

— டீம்மா.

— அது தெரியுது. இவன் உள்ள இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— பெருக்குறவளுக்குத் தெரியாம அலமாரியில என்னம்மா இருக்க முடியும்? விளக்குமாறு என்னோடது.

— வேற யாருக்குத் தெரியும்?

— மேடம், வேற யாருக்கும் தெரியாது. இந்த அக்காவுக்கு மட்டும்தான். டீ விஷயமா ஒரு ஏற்பாடு...

— நீ ஒண்ணு தம்பி. எல்லாருக்கும் தெரியுமே.

— என்னது?

— உனக்கு முட்டி வலின்னு ஒரு தலகாணி வந்துச்சே, யாரு குடுத்தாங்கன்னு நினைச்சே? மூணாம் கட்டிலைப் பாத்துக்கற சிஸ்டர். இடுக்குல காத்து வரலைன்னு மேல ஓட்டை போட்டது எலெக்ட்ரீஷியன். நேத்து ஜலதோஷத்துக்கு மாத்திரை வெச்சது பெரிய டாக்டர்.

— அது தானா இருந்துச்சுன்னு நினைச்சேன்...

— மாத்திரை தானா எப்படி ராசா வரும்? அம்மா, பதினாறு நாள் முன்னாடி என்ன ஆச்சுன்னா, தம்பி உள்ள காலை நீட்டப் பாத்திருக்கு. தலை போய்ப் பலகையில இடிச்சு, வெளிய மாட்டியிருந்த தட்டு பேந்து, சோப்பு, பிரஷ் எல்லாம் தடதடன்னு விழுந்துச்சு. நாங்க பத்துப் பேர் ஓடி வந்து கதவைத் திறந்தா, தம்பி மயங்கிக் கிடக்கு, கையில நோட்டு. பெரிய டாக்டர் நோட்டைப் பாத்தாரு. தண்ணி தெளிச்சோம், மூச்சு சீரா இருந்துச்சு. மறுபடி அப்படியே உக்கார வெச்சுக் கதவைச் சாத்திட்டோம்.

— நான் தூங்கிட்டேன்னுல்ல நினைச்சேன்!

— தூங்கலை தம்பி. பாவம், வேலை கெட்டுடக் கூடாதேன்னு நாங்க வாயே திறக்கலை.

— அப்போ பாட்டில் நகந்த அன்னைக்கே...

— அன்னையில இருந்து எல்லாரும் கழுவறாங்க ராசா. பாட்டிலுக்காக இல்ல, உனக்காக. நோட்டுல சுழி விழுந்துடுமேன்னு. பெரிய டாக்டர் அலமாரிக் கதவைத் தட்டிட்டுக் கழுவறாரே, கேட்டிருப்பியே.

— கேட்டேன். மரத்தைக் கரையான் அரிச்சிருக்கான்னு தட்டிப் பாக்கறாருன்னு நினைச்சேன்.

— போன வியாழக்கிழமை நீ லீவு. கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள இருக்கியா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தர் விடாம கழுவினாங்க. உன் மாமன் மகன் கல்யாணமோ என்னமோ, நீ அங்க சாப்பிட்டுட்டிருந்தே, இங்க எல்லாரும் காலி அலமாரிக்கு முன்னாடி கையைத் தேச்சுட்டிருந்தாங்க.

— ஆ! இப்பப் பேசுப்பா! இருபத்தாறு வருஷ அனுபவத்தை என்கிட்ட கேள்வி கேட்டியே. உன் ஆதாரம் என்ன ஆச்சு? செருப்பு பொய் சொல்லாதுன்னியே? எல்லாச் செருப்பும் நாடகம் ஆடியிருக்கு!

— ஆமா மேடம்.

— பாட்டிலு, அஞ்சடி, தொண்ணூத்தேழு...

— எல்லாம் போச்சு மேடம். கடைசி ரெண்டு வாரக் கணக்குக் குப்பை. பாட்டில் நல்லதா கெட்டதான்னே இனிமே சொல்ல முடியாது. நானும் உங்களை மாதிரியே ஆசைப்பட்டதை நம்பிட்டேன். எனக்கு அழுகையா வருது.

— அழுவே, அழுவே. அப்போ புது சிஸ்டரோட இருநூத்திப் பன்னெண்டும் நடிப்பு! அவ கழுவுறவளே இல்ல, உனக்குப் பயந்து கழுவியிருக்கா. கடிதத்தை அனுப்பிட வேண்டியதுதான்.

— அம்மா, நான் ஒண்ணு கேக்கட்டா? படிக்காதவ, தப்பா இருந்தா திட்டாதீங்க.

— கேளு.

— நடிச்சுக் கழுவினாலும் அழுக்குப் போயிடும்லம்மா?

— என்ன?

— பயந்து கழுவினாங்களோ பாசத்துல கழுவினாங்களோ, தண்ணியும் சோப்பும் பட்டா கை சுத்தம்தானே? மனசு உள்ள என்ன நினைக்குதுன்னு தண்ணிக்கு என்ன தெரியப் போகுது? ரெண்டு வாரமா எல்லாரும் கழுவிட்டுத்தான் உள்ள போறாங்க. நம்ம ஐயா வந்து ஒம்பது நாள்தானே ஆச்சு? அப்போ அந்தப் புள்ளை எப்படி ஐயாவுக்கு அழுக்கைக் கொண்டு போயிருக்கும்?

— மேடம், அக்கா சொல்றது சரி! கணக்குப்படி பாத்தா... இருங்க, இருங்க. பேனா எங்க... நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சவங்க எல்லாம் கழுவிட்டாங்க. அந்த எண்ணிக்கை அவங்க பழக்கத்தைக் காட்டாது, ஆனா கை சுத்தம். அப்போ அழுக்குக் கை ஒண்ணு உள்ள போயிருந்தா, அது நான் இருக்கறது தெரியாதவங்க கையாத்தான் இருக்கணும்!

— எல்லாருக்கும் தெரியும்னு இவ சொல்றாளே.

— அக்கா, யாருமே சொல்லாம விட்ட ஆள் ஒருத்தர்கூட இல்லையா?

— ஒருத்தர் இல்லாம இருக்குமா... தம்பி, எனக்கு இன்னும் ரெண்டு வராந்தா துடைக்கணும். பக்கெட் எடுத்தாச்சு, கதவையும் சாத்திட்டேன். நான் வர்றேன்.

— நில்லு! யாருக்குச் சொல்லலை?

— அம்மா, டீ ஆறிடும்னு தம்பியைக் குடிக்கச் சொல்லுங்க. நான் வர்றேன்மா.

— என்ன ஓட்டம் ஓடறா! அறுபது வயசுல பக்கெட்டோட ஓடறா பாரு. ஏம்ப்பா, உன் நோட்டுல சுழி மட்டும் விழுந்த செருப்பு எதுவாவது இருக்கா?

— இருக்கு மேடம். ஒண்ணே ஒண்ணு.

— ஆகா! இத்தனை நேரம் ஏன் சொல்லலை?

— சொல்ல வாய் வரலை மேடம்.

— எத்தனை தடவை?

— ஒம்பது நாள்ல நாப்பத்தி நாலு தடவை உள்ள போயிருக்கு. நாப்பத்தி நாலும் சுழி. பேசின் பக்கம் திரும்பினதே இல்ல. பாட்டிலைத் தாண்டித்தான் போகுது, அதையும் தொடலை. எப்பவும் வேகமா வரும், நேரா நாலாம் கட்டில் திரையைத் தாண்டிப் போயிடும்.

— நாப்பத்தி நாலு தடவையா? அடப் பாவி! கேக்கவே நெஞ்சு பதறுதே. மனசாட்சின்னு ஒண்ணு வேணாம்? யாரா இருந்தாலும் சரி, பெரிய டாக்டராவே இருந்தாலும் சரி, இனிமே அந்தக் காலு வார்டுக்குள்ள வரக் கூடாது. இதே கடிதத்துல சிஸ்டர் பேரை அடிச்சுட்டு அந்தப் பேரை எழுதறேன். சொல்லு, என்ன செருப்பு?

— பழுப்புத் தோல் செருப்பு மேடம். குதிகால் ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கும்.

— ம். எழுதிக்கறேன்.

— இடது கால் வார் அறுந்துபோய், ஊக்கு குத்தியிருக்கும்.

— என்ன ஊக்கு?

— பெருசு. துணிக்குக் குத்தறது.

— ஊக்கு குத்தின செருப்பு ஊர்ல ஆயிரம் இருக்கும்ப்பா.

— இருக்கலாம் மேடம். நான் ஒண்ணுதான் பாத்திருக்கேன். இப்பவும் பாத்துட்டுத்தான் இருக்கேன்.

— என் காலையா பாக்கறே?

— ஆமா மேடம்.

— இல்ல. அது எப்படி? நீ தப்பா எண்ணியிருக்கே.

— ரெண்டு ரெண்டு தடவை சரி பாத்தேன். யாரோட செருப்புன்னு மட்டும் தெரியாது. இன்னைக்குக் கதவுக்கு முன்னாடி வந்து நின்னு, "அலமாரி தும்முச்சு"ன்னு குரல் கொடுத்தப்பத்தான் தெரிஞ்சுது.

— நான் கை கழுவறவப்பா. என் உள்மனசுக்குத் தெரியும். என் கையில என்ன அழுக்கு இருக்கு? ஃபைலைத் தொடறேன், பேனாவைத் தொடறேன், கதவைத் தொடறேன். நானா எதையும்... நாப்பத்தி நாலுல ஒண்ணுகூடவா இல்ல?

— இல்ல மேடம்.

— அவரு தலையைக் கோதிவிடத்தான் போவேன்.

— அதனால சீழ் வைக்காது மேடம்.

— கட்டு லேசா நழுவியிருக்கும். இந்த சிஸ்டருங்க கட்டினா எனக்குத் திருப்தியே வராது. ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாப்பேன். தையல் காஞ்சிருக்கான்னு விரலால தடவிப் பாப்பேன். ஒவ்வொரு தடவையும் பாப்பேன். அவரு பல்லைக் கடிச்சுட்டு, "உன் கை பட்டாத்தான் வலி குறையுது"ம்பாரு. அதைக் கேட்டுட்டு நான் இன்னும் ரெண்டு தடவை அதிகமாப் போனேன்.

— மேடம், உக்காருங்க.

— அப்போ நான்தான். வேற யாரும் இல்ல. அவரைப் படுக்க வெச்சிருக்கறது நான்தான்.

— உறுதியாச் சொல்ல முடியாது மேடம். நிரூபிக்க இன்னும் எண்ணிக்கை...

— வாயை மூடு! நீ பாத்துட்டிருந்தியே. நாப்பத்தி நாலு தடவை ஒரு அழுக்குக் கை நாலாம் கட்டிலுக்குப் போறதைப் பாத்துட்டுச் சும்மா உக்காந்திருந்தியே! யார் செருப்பா இருந்தா என்ன? முதல் நாளே, "கழுவிட்டுப் போங்க"ன்னு ஒரு வார்த்தை, இந்த இடுக்கு வழியா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?

— நான் குறுக்கிட்டா எண்ணிக்கை கெட்டுடும் மேடம். எண்ணுறவன் பேசவே கூடாது. அதுதான் முதல் விதி.

— ஒரு மனுஷனுக்குச் சீழ் வைக்குதுப்பா!

— தெரியும். மூணாம் நாளே சிஸ்டருங்க பேசிக்கிட்டாங்க, காதுல விழுந்துது. தொண்டை வரைக்கும் வந்துச்சு மேடம். நோட்டுல மத்ததெல்லாம் ஏறி இறங்குது, இது ஒண்ணு மட்டும் சுத்தமான கணக்கா ஓடிட்டிருக்கே, கலைக்கக் கூடாதேன்னு முழுங்கிட்டேன். எனக்கு உங்களைவிட எந்த விதத்துலயும் யோக்கியதை இல்ல.

— உனக்கு எண்ணிக்கை கெடக் கூடாது. எனக்கு என் உள்மனசு கெடக் கூடாது. நடுவுல அவரு கட்டில்ல கிடக்கறாரு. என்ன ஜென்மங்கப்பா நாம?

— அந்தக் கடிதத்தை என்ன பண்ணப் போறீங்க?

— கிழிச்சாச்சு. சத்தம் கேக்கலை? அந்தப் பொண்ணு கால்ல விழணும் நான். சிரிக்க மாட்டேங்கறான்னு சொல்லி ஒரு பொண்ணு சோத்துல மண்ணைப் போடப் பாத்தேன். அவகிட்ட அப்புறம் போறேன். முதல்ல அவருகிட்ட போகணும்.

— போங்க மேடம். சொல்லிடுங்க.

— சொல்லிடணும். எல்லாத்தையும் சொல்லிடணும். மறுபடி திறக்கறதுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள சொல்லிடணும். "நான்தாங்க பண்ணினேன், என் கைதான்"னு அவரு ரெண்டு கையையும் பிடிச்சுட்டுச் சொல்லணும். இனிமே உள்மனசு பேச்சே வேணாம்ப்பா, இந்த நிமிஷத்தோட மாறிட்டேன். எனக்குப் புத்தி வந்துடுச்சு. நான் போறேன்.

— மேடம்...

— இன்னும் என்ன? தடுக்காதே, அவரு எனக்காகக் கதவையே பாத்துட்டிருப்பாரு.

— மேடம், நில்லுங்க! நோட்டு நாசமாப் போகட்டும். கதவைத் தள்ளற சத்தம் கேக்குது, பாட்டிலைத் தாண்டிட்டீங்க. திரும்பி வந்து கையைக் கழுவிட்டுப் போங்க!